நாலாவது பழக்கம்

அன்றாடப் பசுமைப் பழக்கங்கள் ஊக்குவிப்பு மையம், மக்களுக்குப் பன்னிரண்டு எளிய பழக்கங்களைக் கற்றுக்கொடுப்பதற்காக நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணத்தில் இலைப் படம். தாளைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்பது முதல் பழக்கம். அதை விளக்க மட்டும் ஆறு பக்கம் பிடித்தது. வீட்டுக்கு ஒன்று போதாதென்று ஆளுக்கு ஒன்று வீதம், ஒவ்வொன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பஸ் டிப்போ ஊழியர் குடியிருப்பின் அத்தனை மாடிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். புத்தகம் நனைந்துவிடக் கூடாதல்லவா.

நாலாவது மாடியில் பஞ்சர்காரர் வீட்டுக்கு இரண்டு புத்தகம் வந்தது. டிப்போவில் இருபத்தெட்டு வருஷமாக டயர் ஒட்டுகிறவர் அவர். ஒட்டிப் பிழைக்கிற கை சும்மா இருக்குமா? வீட்டு வாளியின் அடியில் டியூப் ஒட்டு. குழாய் வளைவில் டியூப் ஒட்டு. செருப்பில் ஒட்டுமேல் ஒட்டு. அவர் மனைவி உறைக்காரம்மா, அதே டிப்போவில் பஸ் சீட்டுகளுக்கு உறை தைத்தவள். வெட்டியது போக மிஞ்சிய ரெக்சின் துண்டுகளில் அவள் தைத்த பைதான் முப்பது வருஷமாகக் கடைக்குப் போய்வந்தது. அந்த ரெக்சின் தூசியும் பசை நெடியும்தான் அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இப்போது மூச்சை அளந்து அளந்து விட்டன.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு மிஷின் இருந்தது. ஆஸ்பத்திரி கழித்துப் போட்டதை டிப்போ எலக்ட்ரீஷியன் உயிர் கொடுத்து எழுப்பியது. ராப்பகலாக உர்ரென்று ஓடும். அதிலிருந்து ஒரு குழாய் அவள் மூக்குக்குப் போகும். அதன் பின்பக்கம் சூடாக இருக்கும் என்பதால், மத்தியானம் சாப்பிட வரும்போது பஞ்சர்காரர் கிரீஸ் துடைத்த துண்டை அலசி அதன் பின்னால் தொங்கவிட்டுப் போவார். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தால் மொடமொடவென்று காய்ந்திருக்கும். அந்த வீட்டில் சூடுகூட வீணாகாது.

பதினாலு மாதமாக அவள் கீழே இறங்கவில்லை. லிஃப்ட் இருந்தது. ஆனால் ஒன்பதாவது பழக்கமான 'படியேறுவோம்' திட்டத்தின் கீழ் அதை நிறுத்தி, கதவில் ஒரு மலையேறும் ஆளின் படத்தை ஒட்டிவிட்டார்கள். ஒருதரம் பஞ்சர்காரர் அவளைக் கைத்தாங்கலாக இறக்கப் பார்த்தார். இரண்டாவது மாடியிலேயே அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது.

"விடுங்க," என்றாள் அவள், படியில் உட்கார்ந்து. "ஏறினது என் கால்ல. இறங்கறது... நாலு பேர் தோள்லதான் போலிருக்கு."

"வாயை மூடு," என்றார். அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகியிருந்தது. அதன் சன்னல் டிப்போ வாசலைப் பார்த்தது. பஸ் ஒவ்வொன்றும் அங்கே நின்று திரும்பித்தான் ஆகவேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்: அந்தச் சன்னல் ஓரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பஸ்ஸில் எது தான் தைத்த சீட்டு என்று பார்க்கவேண்டும். முன்னெல்லாம் டாக்டர் சான்றிதழைக் காட்டினால் வீட்டை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது வீட்டு ஒதுக்கீடு மையத்தின் கைக்குப் போயிருந்தது. பழக்கங்களுக்கு மதிப்பெண், ஐம்பது எடுத்தால் பசுமை நட்சத்திரம், நட்சத்திரம் வாங்கியவருக்கே வீட்டில் முன்னுரிமை. மதிப்பெண் கூட்டி முடியும்வரை வீடு பூட்டிக் கிடந்தது. அதன் வாசல் விளக்கு மட்டும் பகலிலும் எரிந்தது. அதை அணைக்கும் அதிகாரம் எந்தப் பிரிவுக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.

"நமக்கு இல்லாத நட்சத்திரமா?" என்றார் பஞ்சர்காரர் தெம்பாக. புத்தகத்தில் உள்ள பன்னிரண்டையும் அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து செய்துகொண்டிருந்தார்கள்.

பழக்கப் பரிசோதகர் ஒரு திங்கட்கிழமை வந்தார். நாலு மாடி ஏறிய மூச்சிரைப்பில், வாங்கிக் குடித்த பாட்டில் தண்ணீரை சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, படிவத்தை விரித்தார். நல்ல மனுஷர். யாரையும் நோகடிக்காத குரல்.

"கடைக்குத் துணிப் பை கொண்டுபோறீங்களா?"

"ரெக்சின் பைங்க. வீட்டம்மா தச்சது."

"எப்பலேர்ந்து?"

"முப்பது வருஷமா," என்றார் பஞ்சர்காரர், மார்பு கொஞ்சம் விரிய.

பரிசோதகர் முகம் வாடியது. "அதுக்கு முன்னால பிளாஸ்டிக் பை வாங்கினீங்களா?"

"அப்ப ஏதுங்க பிளாஸ்டிக் பை?"

"அடடா. அப்ப மாற்றம் இல்லையே. நாங்க மாற்றத்துக்குத்தான் மதிப்பெண் தர்றோம். பூஜ்யம்." எழுதினார். "கார்ல போறதை விட்டுட்டு நடந்து போறீங்களா?"

"நடந்துதான் போறேன். கார் இல்லை."

"இருந்து வித்தீங்களா?"

"இருந்ததே இல்லைங்க."

"பூஜ்யம். ஏ.சி.?"

"அதுவும் இல்லை."

"இல்லாததை எப்படிங்க குறைப்பீங்க?" பரிசோதகர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "ரெண்டாவது மாடி டைம்கீப்பர் வீட்டைப் பாருங்க. மூணு ஏ.சி. வச்சிருந்தார். ஒண்ணை நிறுத்திட்டார். கைமேல நாப்பது மதிப்பெண். ரெண்டு கார்ல ஒண்ணை மச்சான் பேருக்கு மாத்தினார், அதுக்குப் பன்னிரண்டு. நட்சத்திரத்தை வாங்கி வாசல்ல ஒட்டியாச்சு. கீழ்வீடுகூட வேண்டாம்னுட்டார், பெரிய மனசு."

கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. "இத்தனை வருஷம்," என்றாள் உறைக்காரம்மா, மூச்சை நிறுத்தி நிறுத்தி, "ஒழுங்கா... கெட்டுப்போகத் தெரியலையே நமக்கு."

மையத்தின் அலுவலகத்துக்கு பஞ்சர்காரர் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு போனார். உள்ளே போட்ட ஏ.சி.யில் குமாஸ்தாக்கள் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற எழுத்துக்கள் சுவர் அகலத்துக்குப் பச்சை விளக்கில் விட்டுவிட்டு எரிந்தன. டோக்கன் மிஷின் ஒரு முழ நீளத்துக்குச் சீட்டைத் துப்பியது. அதில் ஒரு ஓரத்தில் அவர் எண்ணும், மிச்சத்தில் தாளைச் சேமிக்கும் வழிகளும் அச்சாகியிருந்தன.

அவர் குறையைக் கேட்ட மேற்பார்வையாளர் அம்மாள் அனுதாபமாகத் தலையசைத்தார்.

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் எங்களுக்குக் கஷ்டம், ஐயா. கோவிச்சுக்காதீங்க. போன வருஷத்தைவிட இந்த வருஷம் எவ்வளவு குறைஞ்சதுன்னு நாங்க மேலிடத்துக்குக் காட்டணும். நீங்க அங்கயும் ஒண்ணுமில்லை, இங்கயும் ஒண்ணுமில்லைன்னா, நான் எதைக் காட்டறது?"

"நான் என்ன செய்யணும்மா?"

அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அடிப்படை அளவுன்னு ஒண்ணு வேணும். ஒரு மாசம் தாராளமா இருங்க. குழாயைத் திறந்து விடுங்க, லைட்டைப் போட்டு விடுங்க, பை பையா வாங்குங்க. பரிசோதகர் வந்து எழுதிக்கட்டும். அப்புறம் திருந்துங்க. நிறைய பேர் அப்படித்தான் திருந்தறாங்க."

பஞ்சர்காரருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் டிப்போ வாசலைப் பார்த்த அந்தச் சன்னல் கண்ணுக்குள் நின்றது. சரி, கெட்டுத்தான் பார்ப்போமே என்று வீடு திரும்பினார்.

கெடுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. கடைக்காரர் அவருக்கு பிளாஸ்டிக் பை கொடுக்கத் தயங்கினார். "பையைத் தொலைச்சுட்டீங்களா அண்ணே? வேணும்னா கடன் தர்றேன், என் பையைக் கொண்டுபோங்க," என்றார். குழாயைத் திறந்துவிட்டுப் பஞ்சர்காரர் பக்கத்திலேயே நின்றார், தண்ணீர் ஓட ஓட அவர் கை தன்னால் நீண்டு மூடியது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு திறந்துவிட்டு வெளியே போனால், அடியில் ஒட்டுப்போட்ட வாளியைக் காலால் குழாய்க்குக் கீழே நகர்த்தி வைக்கச்சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கெஞ்சியிருந்தாள் மனைவி. பட்டப்பகலில் விளக்குப் போட்டால், "கண்ணு கூசுது, அணைச்சுடுங்க," என்பாள். வாங்கிவந்த பிளாஸ்டிக் பைகளை எறிய இருவருக்குமே மனசு வரவில்லை. அவளே படுக்கையில் இருந்தபடி ஒரு தாம்பாளத்தில் அலசிக் கொடுக்க, அவர் கொடியில் காயப்போட்டார்.

மாதக் கடைசியில் பரிசோதகர் வந்தபோது, கொடியில் பதினேழு பிளாஸ்டிக் பைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன.

"மறுபடியும் பயன்படுத்தறீங்களா!" என்றார் அவர், களவைக் கண்டுபிடித்தவர்போல. "ஏங்க, கெட்டுப்போறதையாவது ஒழுங்கா செய்யக் கூடாதா? இதை எந்தக் கட்டத்துல எழுதுவேன்?"

வாசலில் மையம் பொருத்தியிருந்த புது மின்பெட்டியைப் பார்க்கப் போனார். அது மணிக்கொருதரம் வீட்டுச் செலவை மையத்துக்குச் சொல்லிவிடும். பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கே! இவ்வளவு ஓடுதே! எது இது?"

பஞ்சர்காரர் மூச்சு மிஷினைக் காட்டினார்.

பரிசோதகர் படிவத்தைப் புரட்டினார். மருத்துவச் சாதனம் என்று அதில் தலைப்பு இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'இதர பொழுதுபோக்குச் சாதனங்கள்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார். "நல்லதாப் போச்சு. உங்க வீட்டுல குறைக்கறதுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். நாலாவது பழக்கம் தெரியுமில்ல? தேவையில்லாத நேரத்துல அணைத்து வைப்போம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் அணைச்சா, மூணு மாசத்துல நட்சத்திரம். சுலபமா வந்துடும்."

"அது அவ மூச்சுங்க," என்றார் பஞ்சர்காரர். "குளிக்கப் போனாக்கூடக் குழாயோட போகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அது அணையாது."

"சொல்றது என் கடமை. வற்புறுத்தற பழக்கம் எங்ககிட்ட கிடையாது," என்றார் பரிசோதகர். படிவத்தில் அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கட்டில் பக்கம் திரும்பி, "உடம்பைப் பாத்துக்கங்கம்மா," என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் பஞ்சர்காரர் கொதித்தார். வீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "மூணு மாசம்னா... மழைக்கு முன்னால வந்துடும் இல்ல?" என்று கேட்டாள். நாற்காலியை எந்தப் பக்கம் போடலாம் என்று யோசிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "அதெல்லாம் மறந்துடு," என்று சொல்லித் துண்டை அலசப் போனார்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் அந்தத் துண்டு காயவில்லை.

முதலில் ஈரக்காற்று என்று நினைத்தார். பிறகு மிஷின் பழசாகிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தார். ஐந்தரைக்கு அது உர்ரென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. துண்டு மட்டும் பாதி ஈரம். ஒருநாள் டிப்போவில் போர்மேனோடு சண்டை. அந்த எரிச்சலில் வந்தவர், ஈரத்துண்டைத் தோளில் போட்டதும் வெடித்தார்.

"நாள் முழுக்கப் படுத்துத்தானே இருக்கே? இந்தத் துண்டை ஒருதரம் திருப்பிப் போடக் கூடாதா?"

அவள் தலையைத் திருப்பித் துண்டைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. சாயங்கால வெளிச்சம் என்று அவர் நினைத்தார்.

"நாளைக்கு... திருப்பிப் போடறேன்," என்றாள்.

மறுநாளிலிருந்து துண்டு திருப்பிப் போடப்பட்டிருந்தது. ஈரம் அப்படியேதான் இருந்தது. அவருக்குத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது, மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. இரண்டையும் ஈரத்துண்டோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார்.

மூன்று மாதம் முடிவதற்கு மூன்று நாள் இருக்கையில், ஒரு விடிகாலையில் அவள் போய்விட்டாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கில் இருந்தது. வந்து பார்த்த டாக்டர், "இதயம் களைச்சுப் போச்சு. இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கலை. மிஷினை விடாமத்தானே வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம் அணைச்சதில்லைங்க," என்றார் பஞ்சர்காரர், நெஞ்சில் கை வைத்து.

லிஃப்டைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கு மூன்று நாள் முன்னதாக மனுக் கொடுக்கவேண்டும் என்றிருந்தது. இரண்டு டிரைவர், ஒரு கண்டக்டர், எலக்ட்ரீஷியன் என நாலு பேர் அவளைத் தோளில் இறக்கினார்கள். ஒவ்வொரு மாடி வளைவிலும் 'ஒரு படி, ஒரு பசுமை' என்ற அட்டை இருந்தது. கீழே, பூட்டிய வீட்டின் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து மையத்திலிருந்து கடிதம் வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகித உறை, அதற்குள் இன்னொரு உறை. குடியிருப்பிலேயே அதிக அளவு மின்சாரம் குறைத்த குடும்பமாக அவருடையது தேர்வாகியிருந்தது. குடும்பத்துடன் விழாவுக்கு வந்து, நட்சத்திரத்தையும் தரைத்தள வீட்டின் சாவியையும் பெற்றுக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள்.

அவள் போனபின் மிஷின் நின்றதைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் அந்தச் சாவி அவள் கேட்டது. வாங்கித் தருவதாக இவர் சொன்னது. சட்டையைத் தேய்க்காமலே போட்டுக்கொண்டு போனார்.

அரங்கத்தில் பூ அலங்காரத்தின் பின்னால் ஆணையர் பாதிதான் தெரிந்தார். நீளமாகப் பேசினார்.

"சுற்றுச்சூழல் என்பது பெரிய பெரிய காரியம் இல்லை, நண்பர்களே. சின்னச் சின்னப் பழக்கம்தான். நானே தினமும் நடக்கிறேன். வீட்டிலிருந்து கார் வரைக்கும் நடக்கிறேன். காரிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நடக்கிறேன். நான் நடந்து வருவதற்குள் கார் சூடாகிவிடக் கூடாதென்று டிரைவர் ஏ.சி.யைப் போட்டுக் காத்திருக்கிறார். அது அவருடைய பங்களிப்பு. என் மனைவி துணிப் பைதான். எழுபது துணிப் பை வைத்திருக்கிறார், ஒவ்வொரு புடவைக்கும் ஏற்ற நிறத்தில்." கைதட்டல். "மக்கள் தியாகம் செய்யவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பழகிக்கொள்ளத்தான் சொல்கிறோம். பழகிவிட்டால் தியாகம் என்பதே தெரியாது. இதோ ஒரு எளிய குடும்பம். திரையைப் பாருங்கள்."

விளக்குகளை அணைக்காமலே பெரிய திரையைப் போட்டார்கள். அதில் ஒரு பச்சைக் கோடு நெளிந்தது. மேற்பார்வையாளர் அம்மாள் ஒரு குச்சியோடு முன்னால் வந்தார்.

"கடைசியில கோடு தரையைத் தொடுறது எல்லாருக்கும் தெரியும். அது பெரிசில்லை. நான் காட்ட விரும்பறது அதுக்கு முந்தின மூணு மாசம். பாருங்க, ஒவ்வொரு நாளும் ரெண்டு மணிக்கு இறங்குது. நாலு மணி வரைக்கும் பூஜ்யம். நாலு மணிக்கு மறுபடி ஏறுது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கலை, வாரத்துல ஒருநாள் ஓய்வு எடுத்திருக்காங்க போல. மத்த நாள் ஒண்ணுகூடத் தவறலை. நம்ம பரிசோதகர் போய் எடுத்துச்சொன்ன மறுநாள்லேர்ந்து! இதுக்குப் பேர்தான் பழக்கம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சர்காரர் வீட்டில் இருப்பார்.

அரங்கமே எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் பரிசோதகர் வெட்கத்தோடு தலை குனிந்தார். பஞ்சர்காரர் மேடையில் நின்றபடி அந்தக் கோட்டைப் பார்த்தார். ஒன்றே முக்காலுக்கு அவர் துண்டைத் தொங்கவிட்டுப் படியிறங்குவார். கடைசிப் படியில் அவர் செருப்புச் சத்தம் ஓயும்வரை அவள் காத்திருந்திருப்பாள். பிறகு கையை நீட்டி, அந்தச் சுவிட்சை. ஒவ்வொரு பள்ளமாக எண்ணிப் பார்த்தார். அவர் கத்திய நாளின் பள்ளம் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே அளவில் இருந்தன.

கையில் இலை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கேடயத்தைக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அதை அணைக்கச் சுவிட்ச் இல்லை. ஒலிபெருக்கியை அவர் வாய்க்கு நேராக நீட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"துண்டு காயலைன்னு," என்றார் பஞ்சர்காரர், "நான் அவளைத் திட்டிட்டேங்க."

யாருக்கும் புரியவில்லை. எளிய மனிதரின் எளிய பேச்சு என்று ஆணையர் முதலில் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

தரைத்தள வீட்டுக்கு அவர் சாமான்களைத் தானே சுமந்து இறக்கினார். கட்டில், ஒட்டுப்போட்ட வாளி, ரெக்சின் பை, அவள் நாற்காலி. கடைசியாக மூச்சு மிஷின். நாற்காலியைச் சன்னல் ஓரம் டிப்போ வாசலைப் பார்த்துப் போட்டார். மிஷினை அதன் பக்கத்தில் வைத்தார். முழுநாள் ஷிப்டை விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பதில் மத்தியானத்தோடு முடிகிற காலை ஷிப்டை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து பரிசோதகர் மறுபடி வந்தார். மணி மூன்று இருக்கும். உள்ளே உர்ரென்று சத்தம். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் வெறும் நாற்காலியின் கைப்பிடியில் சுற்றியிருந்தது. பஞ்சர்காரர் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சன்னல் வழியாகப் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தினமும் ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஓடறதா பெட்டியில காட்டுது," என்றார் பரிசோதகர். "யாரும் இல்லாம எதுக்குங்க ஓடுது?"

பஞ்சர்காரர் குழாயை நாற்காலிக் கைப்பிடியில் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

பரிசோதகர் சங்கடத்தோடு படிவத்தைப் புரட்டினார். புரட்டியவர் முகம் மெல்ல மலர்ந்தது. குனிந்து, காதோரம், நல்லது சொல்கிற குரலில் சொன்னார்: "ஒண்ணும் பயப்படாதீங்க. ஒருவிதத்துல இது நல்லதுதான். இப்பதான் உங்களுக்கு ஒழுங்கா ஒரு அடிப்படை அளவு அமைஞ்சிருக்கு. இதை அணைச்சீங்கன்னா, அடுத்த வருஷமும் நட்சத்திரம் உங்களுக்குத்தான்."

வாசலில் ஒரு பஸ் நின்று திரும்பியது. பழைய பஸ், பழுப்பு உறை, ஓரத்தில் இரட்டைத் தையல். அது போகும்வரை பஞ்சர்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மிஷினுக்குப் பின்னால் கையை விட்டார்.

துண்டு நன்றாகக் காய்ந்திருந்தது.